தவணைக்கு எடுத்த கடல்

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்புறத்தில், கிண்ணியாவுக்கு மேற்கே விரிந்து கிடக்கிறது தம்பலகாமக் குடா. ஆழம் குறைந்த, சேறு படிந்த நீர்ப்பரப்பு. 1858-ஆம் ஆண்டுக்கு முந்தைய மூன்றாண்டுகளில் அங்கே உரிமம் பெற்ற குத்தகைக்காரர் அள்ளிய சிப்பிகள் 1 கோடியே 80 இலட்சத்துக்குக் குறைந்திருக்க முடியாது என்று அக்காலத்தில் மதிப்பிட்டார்கள். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859-இல் வெளியான தமது நூலில் அந்த எண்ணைப் பதிந்து வைத்திருக்கிறார். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 60 இலட்சம். ஒரு நாள்கூட ஓயாமல் குளித்திருந்தாலும் நாளொன்றுக்கு 16,000-க்கு மேல் வருகிறது.

மன்னார் முத்துச் சிப்பி வேறு, இது வேறு. பிளாகுனா பிளாசென்டா என்று அறிவியலில் வழங்கும் இந்த இனம் தட்டையானது, வட்டமானது. ஓடு கண்ணாடிபோல ஒளியை விடும். பிலிப்பைன்ஸிலும் கோவாவிலும் அந்த ஓட்டைச் சதுரமாக நறுக்கிச் சன்னல்களில் பதித்தார்கள். தம்பலகாமத்தில் தேடப்பட்டதோ உள்ளே கிடந்த சிறு முத்து. பெரும்பாலும் நகைக்கு உதவாத பொடி முத்து. அதைச் சுட்டு நீற்றிச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையோடு மெல்லுவது செல்வர் வீட்டு வழக்கமாக இருந்தது. கொஞ்சம் மருந்துக்கும் போனது. கோடிக்கணக்கான உயிர்கள் சில பேருடைய வாய்ச் சிவப்புக்காகக் கரையேறின என்பதை நினைத்தால் வரலாற்றின்மீது ஒரு கசப்பு வரத்தான் செய்கிறது.

இந்தச் சிப்பியை ஆராய்ந்தவர் எட்வர்ட் பிரடெரிக் கெலாட். இலங்கையிலேயே பிறந்த ஒல்லாந்த வழி மருத்துவர். திருகோணமலையில் பணியாற்றிய காலத்தில் அந்தக் கடலின் ஓடில்லா நத்தைகளைக்கூட ஒவ்வொன்றாக விவரித்து எழுதியவர். முத்துச் சிப்பிகளை ஆராயும்படி அரசாங்கமே அவரைக் கேட்டுக்கொண்டது. 1860-இல், நாற்பது வயதை ஒட்டி, கப்பற் பயணத்தில் இறந்துபோனார். அவரையும் அவருக்குப் பின் வந்தவர்களையும் அரசாங்கம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: இந்த வருமானம் நிலைக்க என்ன வழி?

விடை அந்தக் குத்தகைப் பத்திரத்திலேயே இருந்தது. குறித்த காலத்துக்குக் குறித்த தொகை கட்டியவர், காலம் முடியும் நாளன்று குடாவில் மிச்சம் வைக்கும் ஒவ்வொரு சிப்பியையும் அடுத்த குத்தகைக்காரருக்குத் தானமாகக் கொடுக்கிறார். யாருக்கும் அந்தத் தாராளம் வராது. சிப்பி மூப்படைந்தால் முத்துப் பெருக்கும் என்று தெரிந்தவர்கூடக் காத்திருக்க மாட்டார், ஏனெனில் காத்திருப்பதன் பயன் அவருக்குச் சேரப்போவதில்லை. இதைப் பேராசை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஆசையே இல்லாத ஒருவரை அந்தப் பத்திரத்தில் ஒப்பமிட வைத்தாலும் அவரும் அதையேதான் செய்திருப்பார்.

அரை நூற்றாண்டு கழித்து மன்னாரின் முத்துச் சிப்பிப் பார்களிலும் இதே முறை வந்தது. 1905-இல் மன்னார் முத்துக்குளிப்பு அதுவரை காணாத வருமானத்தை ஈட்ட, 1906-இல் பார்கள் முழுவதையும் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். ஆண்டு வாடகை 310,000 ரூபா. 1907-க்குப் பிறகு குளிக்கச் சிப்பி இல்லை. நிறுவனம் கலைந்தது. மன்னார்ப் பார்கள் இயல்பிலேயே நிலையில்லாதவை, பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்து திடீரெனச் செழிப்பவை. ஆகவே குத்தகைதான் அவற்றைக் கொன்றது என்று அடித்துச் சொல்ல முடியாது. கடலின் ஏற்ற இறக்கத்தை அறியாத தவணை ஒன்றைக் கடலின்மேல் வைத்தார்கள் என்று மட்டும் சொல்லலாம்.

திருகோணமலை மாவட்டத்தின் கடலில் அளவுக்கு மீறி எடுத்தலைப் பற்றிப் பேசும் எவரும் இன்றைய சுருக்கு வலையிலும் டைனமைட்டிலும் தொடங்குவதுதான் வழக்கம். நான் தம்பலகாமத்தில் தொடங்கியதற்குக் காரணம் இதுதான்: எவ்வளவு எடுப்பது என்பதைக் கடலில் உள்ள இருப்போ வலையின் நீளமோ மட்டும் தீர்மானிப்பதில்லை. எடுப்பவர் யாருக்கு, எந்தக் காலத்துக்குள், எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பது அதைவிடக் கண்டிப்பாகத் தீர்மானிக்கிறது.

இந்தக் கடல் வற்றாதது போலத் தோன்றுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து கலக்கிறது. அதன் கிளை இன்னும் தெற்கே வெருகலில் கடலைத் தொடுகிறது. துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. நீலத்திமிங்கிலமும் விந்துத் திமிங்கிலமும் இங்கே மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கரையிலிருந்து பார்க்கும் தூரத்தில்கூட வருகின்றன. 1980-களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் திமிங்கில ஆராய்ச்சிக்கு இந்தக் கடலைத் தேர்ந்ததும் அதனால்தான்.

ஆனால் அந்த ஆழத்துக்கு மறுபக்கமும் உண்டு. இலங்கையைச் சுற்றியுள்ள கண்டமேடை சராசரியாக 22 கிலோமீற்றர் அகலம்; திருகோணமலையில் அதைவிட மிகவும் ஒடுங்கிவிடுகிறது. சூடை, நெத்தலி, கீரிமீன், காரல், கும்பளா, விளைமீன், கலவாய் என்று சிறு படகுகளின் வாழ்வாதாரமான இனங்களில் பல இந்த ஒடுங்கிய விளிம்பிலேயே வாழ்பவை. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் நீலம். மீனோ அதன் கரைவரம்பில். 1883-இல் இலண்டனில் நடந்த அனைத்துலக மீன்பிடிக் கண்காட்சியில் உயிரியலறிஞர் தோமஸ் ஹக்ஸ்லி, பெரும் கடல் மீன்வளங்கள் தீராதவை என்று அறிவித்தார். அவர் பேசியது கொட், ஹெரிங் போன்ற வடகடல் மீன்களைப் பற்றி, அன்றைய கருவிகளை மனத்தில் வைத்து. அந்தக் கூற்றின் கடைசிப் பாதி மறக்கப்பட்டு, முதல் பாதி மட்டும் ஒரு நூற்றாண்டு அரசுக் கொள்கையாக உலவியது.

கரைவலையின் காலத்தில் அளவுக்கு வேறொரு வேலி இருந்தது. குச்சவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு, சல்லி, மூதூர் எனக் கரையோரம் முழுவதும் கரைவலை வளைக்கும் இடங்கள் பாடுகளாகப் பிரிந்திருந்தன. ஒரு படகு கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டு, அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே போய், மறுமுனையோடு தள்ளி வந்து சேரும். பிறகு இரண்டு அணிகள் மணிக்கணக்கில் இழுப்பார்கள். மடி கரையேறும்போது மீன் உயிரோடு துள்ளும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்குப் பங்கு. வாடைக் காற்று வீசும் மாதங்களில் கடல் மூடிவிடும். சோழகக் காலத்தில் திறக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து வரும் தொழிலாளர்கள் அந்த மாதங்களுக்கு மட்டும் வாடி அடித்துத் தங்குவார்கள்.

இந்த அமைப்பில் வலை மீனைத் தேடிப் போகவில்லை. மீன் கரைக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஒரு பாட்டில் ஒரு நேரத்தில் ஒரு வலைதான் வளைக்க முடியும். மற்றவர் முறைக்குக் காத்திருக்க வேண்டும். இழுப்பதற்கு ஆள் வேண்டும், ஆளுக்கு மூச்சு வேண்டும். ஆக, எடுக்கும் அளவை இடமும் முறையும் உடலும் கட்டின. யாரும் மீனை எண்ணிப் பார்த்துச் சட்டம் போடவில்லை.

இதைப் பொற்காலமாக வரைந்துவிடவும் கூடாது. தங்காலைக்கு அருகே மாவெல்ல என்ற கரைவலை ஊரைப் பற்றிப் போல் அலெக்சாண்டர் செய்த ஆய்வு 1982-இல் நூலானது. பொதுவளங்களைப் பற்றி எலினோர் ஆஸ்ட்ரம் 1990-இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், நன்றாக நிலைத்த ஏற்பாடுகளுக்கு எதிரான உதாரணமாக, தவறிப்போன ஏற்பாட்டுக்கு உதாரணமாக, இந்த மாவெல்ல வருகிறது. அங்கே முறை மிக நேர்த்தியாக இருந்தது. யார் எப்போது வளைப்பது என்பதில் சண்டையில்லை. ஆனால் வலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. வரம்பு வைக்கச் சட்டம் வந்தும் அரசியல் செல்வாக்கால் அது நடைமுறைக்கு வரவில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பங்கைக் காப்பாற்றிக்கொள்ளப் புதிய வலை செய்தது. வலைகள் கூடக்கூட ஒவ்வொரு வலைக்கும் கிடைத்த முறை குறைந்தது; பிடிபட்ட மீன் கூடவில்லை, வலைக்குப் போட்ட முதல் மட்டும் வீணாகப் பெருகியது. முறை பசியைச் சமமாகப் பங்கிடும். புதிதாக வருபவரைத் தடுக்காது. திருகோணமலைக் கரைவலையிலும் இந்தப் பலவீனம் உள்ளேயே இருந்தது என்றே நினைக்கிறேன். இன்று சில இடங்களில் மடியை இழுப்பது மனிதரல்லர், உழவு இயந்திரத்தில் பொருத்திய உருளை. அது வந்ததும் மூச்சு என்ற வேலியும் போயிற்று. இழுக்கும் கூலியை நம்பியிருந்தவர்கள் கரையில் நின்று பார்க்கிறார்கள்.

1950-களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரப் படகு, நைலோன் வலை, ஐஸ், வெளியிணைப்பு எஞ்சின் என ஒவ்வொன்றாக வந்தன. இவற்றோடு கூடவே வந்தது கடன். பருத்தி வலையைச் சொந்தக் கையால் பின்னியவர் யாருக்கும் தவணை கட்டவில்லை. எஞ்சின் வாங்கியவர் கட்டினார்: சங்கத்துக்கோ வங்கிக்கோ, அதிகமாக மீன் முதலாளிக்கோ. முதலாளி தரும் முற்பணத்துக்கு வட்டி என்று எழுதப்படுவதில்லை; பிடிக்கும் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. விலை குறைந்த நாளில் கடனை அடைக்கக் கூடுதல் மீன் வேண்டும். மீன் கூடினால் விலை இன்னும் குறையும். தம்பலகாமத்துக் குத்தகைக்காரரைப் பிடித்திருந்த அதே காலக்கெடு, ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு ஒவ்வொரு படகிலும் ஏறி உட்கார்ந்தது.

போர்க்காலம் இதை நிறுத்தி வைத்தது. 1983-க்குப் பின் தடைகள், நேரக் கட்டுப்பாடு, பாஸ், எஞ்சின் வலுவுக்கு வரம்பு, கடற்படை வலயங்கள். 2006-இல் சம்பூரும் மூதூர் கிழக்கும் முழுவதுமாக இடம்பெயர்ந்தன. சம்பூர் மக்கள் திரும்பத் தொடங்கியது 2015-க்குப் பிறகுதான். மீனவக் குடும்பங்களைப் பட்டினி போட்ட அந்தத் தடைகள் கடலுக்குச் சற்று ஓய்வு கொடுத்திருக்கலாம். இதை எழுதும்போதே கூசுகிறது. யாரும் விரும்பிக் கொடுத்த ஓய்வில்லை அது. இதற்கிடையே, 2004 டிசம்பர் 26-இல், ஆழிப்பேரலை வந்தது. நாட்டின் மீன்பிடிப் படகுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்தோ சேதமடைந்தோ போனது. உதவி நிறுவனங்கள் எளிதாகக் கொடுக்கக்கூடிய, எளிதாகப் படம் எடுக்கக்கூடிய பொருளைக் கொடுத்தன: சிறிய ஃபைபர் படகு. பல கரைகளில் இழந்ததைவிடக் கூடுதலான படகுகள் வந்து சேர்ந்தன. சில, கடலுக்குப் போகும் தரத்தில்கூட இல்லை. மீன்வள அறிஞர்கள் அப்போதே எச்சரித்தார்கள். நன்கொடைக்கும் ஒரு தவணை உண்டு என்பதை அந்த நாட்களில் கண்டோம்: நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும். போர் முடிந்த 2009-க்குப் பிறகு தடைகள் விலகியபோது, எண்ணிக்கையில் பெருகிய படகுகளும் தெற்கிலிருந்து திரும்பி வந்த பருவத் தொழிலாளர்களும் மீண்டும் குடியேறியவர்களும் ஒரே ஒடுங்கிய விளிம்பில் சந்தித்தார்கள்.

அந்தச் சந்திப்பின் பெயர்தான் இன்று சுருக்கு வலைப் பிரச்சினை. மீன் கூட்டத்தைக் கண்டதும் படகு அதைச் சுற்றி வட்டமாக வலையை இறக்கும். வலையின் அடிவிளிம்பில் வளையங்கள். அவற்றினூடே ஒரு கயிறு. கயிற்றை இழுத்தால் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப் பைபோல அடிவாய் மூடிக்கொள்ளும். உள்ளே அகப்பட்டது முழுக் கூட்டம். நல்ல நாளில் ஒரே வளைப்பில் பல ஆயிரம் கிலோ. இரவில் வெளிச்சம் பாய்ச்சிக் கூட்டத்தை வரவழைப்பவர்களும் உண்டு. சட்டப்படி இந்த வலை முற்றிலும் தடை செய்யப்பட்டதன்று; உரிமம் பெற்று, கரையை விட்டுத் தள்ளி, நிபந்தனைகளோடு பயன்படுத்தலாம். தகராறு அங்கேதான். கரையோரத்தில் வளைக்கிறார்கள், கண் சிறிய வலை வைத்திருக்கிறார்கள் என்பது ஒரு தரப்பின் முறைப்பாடு. உரிமத்தைத் தராமல் இழுத்தடித்தால் கடனுக்கு வாங்கிய வலையை வீட்டிலா விரிப்பது என்பது மறு தரப்பின் கேள்வி. தடை செய் என்றும் அனுமதி கொடு என்றும் திருகோணமலையில் ஆர்ப்பாட்டங்கள் நடந்திருக்கின்றன.

இந்தக் கேள்வியை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். கரைவலைக்காரருக்குச் சுருக்கு வலைக்காரர் அளவு மீறுபவர். ஆனால் தூண்டிற்காரருக்கு, உழவு இயந்திரம் பூட்டிய கரைவலை அளவு மீறியதுதான். இறால் குஞ்சுக்குக் காத்திருக்கும் வீச்சுவலைக்காரருக்கு மற்ற எல்லாருமே. பாக்குநீரிணையில் இராமேசுவரத்து இழுவைப் படகுகளுக்கு எதிராக வட இலங்கை மீனவர் வைக்கும் வாதம், கடலடியை வாரும் முறைக்கு எதிரானது. அந்த வாதத்தின் வெற்றியாகத்தான் 2017-இல் இலங்கைக் கடலில் இழுவை மடித் தொழில் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. அங்கே எதிரி எல்லைக்கு அப்பால் இருந்தார். இங்கே எதிரி பக்கத்து ஊர். பெரும்பாலும் பேசும் மொழியோ கும்பிடும் இடமோ வேறானவர். திருகோணமலையின் மீனவ ஊர்களில் வாழ்ந்து ஆராய்ந்த கயத்திரி லொகுகே, 2017-இல் வாகனிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வுக்கு, மீனுக்குக்கூட இனம் உண்டு என்ற பொருளில் தலைப்பு வைத்தார். கிண்ணியா, திருக்கடலூர், கொட்பே என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே கேட்பவர் ஒரு முடிவுக்கு வந்துவிடும் மாவட்டத்தில், வலைக்கண்ணின் அளவைப் பற்றிய பேச்சு நெடுநேரம் வலைக்கண்ணின் அளவைப் பற்றியதாக நிற்பதில்லை. இதில் தப்பித்துக்கொள்பவர் முதல் போட்டவர். கரையில் சண்டை போடும் இரண்டு பேருக்கும் முற்பணம் கொடுத்தவர் ஒருவராகவே இருக்கக்கூடும்.

டைனமைட்டில் இரண்டு தரப்பு இல்லை. 1996-ஆம் ஆண்டின் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் வெடிபொருளால் மீன் பிடிப்பதை மட்டுமன்றி, அப்படிப் பிடித்த மீனை வைத்திருப்பதையும் விற்பதையும்கூடக் குற்றமாக்கியிருக்கிறது. வெடியின் அதிர்வு மீனின் காற்றுப்பையைக் கிழிக்கிறது, முள்ளை முறிக்கிறது. செத்ததில் ஒரு பகுதிதான் மிதக்கும். மிச்சம் மூழ்கி அழுகும். முட்டையும் குஞ்சும் முருகைக்கல்லும் சேர்ந்தே போகும். சந்தையில் பழகிய கைக்கு அந்த மீன் உடனே தெரியும்: தசை தளர்ந்திருக்கும், அறுத்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கும். தெரிந்தும் விலைபோகிறது. கருங்கல் உடைக்கும் குவாரிக்கு வரும் வெடிமருந்து கடலுக்கு வந்து சேரும் வழியை அடைக்காமல் படகில் இருக்கும் இளைஞனை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

மீன்வள அறிவியல் அளவு மீறலை இரண்டாகப் பிரிக்கும். மீன் வளர்ந்து எடை கூடுவதற்கு முன்பே பிடித்துவிடுவது ஒன்று. அதில் கடலைவிடப் பிடிப்பவருக்கே நட்டம், ஏனென்றால் நாளைய ஒரு கிலோவை இன்றைய கால் கிலோவாக விற்கிறார். முட்டையிடும் தலைமுறையையே வெட்டிவிடுவது இன்னொன்று. அதில் இருந்து மீள்வது கடினம். இவற்றோடு மீன்வள அறிஞர் டேனியல் பாலி மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். வேறு தொழிலுக்கு வழியில்லாதவர்கள் கூட்டமாகக் கடலுக்குத் தள்ளப்பட்டு, குறைந்துவரும் மீனுக்காக மேலும் மேலும் அழிவு தரும் முறைகளுக்குப் போகும் நிலை. அவர் இதற்காக ஆராய்ந்தவற்றில் பிலிப்பைன்ஸ் விரிகுடாக்களும் உண்டு. டைனமைட்டின் சமூக வரலாற்றை எழுத நினைப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

இனத்துக்கு இனம் கணக்கு மாறும். நெத்தலியும் சூடையும் ஓராண்டுக்குள்ளேயே முட்டையிடத் தொடங்குபவை. அடித்தாலும் ஓரளவு எழுந்துவிடும். கலவாய் அப்படியில்லை. பல கலவாய் இனங்கள் பெண்ணாகப் பிறந்து, பெருத்த பிறகு ஆணாக மாறுபவை. பெரிய கலவாயை மட்டும் பொறுக்கி எடுத்தால் சின்னதை விட்டுவைத்தோம் என்ற நிம்மதி வரும். ஆனால் எடுத்தவை பெரும்பாலும் ஆண்கள்.

கூட்டமாகத் திரியும் மீனில் இன்னொரு கண்கட்டு இருக்கிறது. மொத்த எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் மிச்சமுள்ளவை நெருங்கிக் கூட்டமாகவே திரியும். கூட்டத்தைத் தேடி வளைக்கும் வலைக்கு ஒரு வளைப்பின் பிடிப்பு குறையவே குறையாது. கணக்குப் புத்தகத்தில் எல்லாம் நன்றாக இருக்கும், கடைசிக் கூட்டம் வரை. நியூஃபவுண்ட்லாந்தில் கொட் மீனுக்கு நடந்தது இதற்கு நெருங்கியது. 1992 ஜூலையில் கனடா அந்த மீன்பிடியை மூடியபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை பெரிய படகுகளின் பிடிப்புக் கணக்கு நம்பிக்கை தருவதாகவே இருந்தது. மீன் குறைந்துவிட்டது என்று முதலில் சொன்னவர்கள் கரையோரச் சிறு மீனவர்கள். ஓரிடத்தில் காத்திருக்கும் வலையில்தான் குறைவு முதலில் தெரியும். திருகோணமலையில் கரைவலைக்காரரின் முறைப்பாட்டைப் பொறாமை என்று ஒதுக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாட்டளவில் அளந்த கணக்கு ஒன்று இருக்கிறது. நோர்வேயின் டொக்டர் ஃபிரிட்ஜொஃப் நான்சன் ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை மூன்று முறை இலங்கையைச் சுற்றி வந்தது. கண்டமேடைப் பகுதியிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 250,000 தொன் எடுக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள். 2010-களின் நடுவில் அரசின் புள்ளிவிவரப்படி கரையோர மீன்பிடி ஆண்டுக்கு 260,000 முதல் 280,000 தொன் வரை. இந்த இரண்டையும் அப்படியே கழித்துப் பார்க்கக் கூடாது. கரையோரக் கணக்கில் மேடைக்கு வெளியே பிடிக்கும் சூரை வகைகளும் சேர்ந்திருக்கும். இருந்தாலும், அந்தப் பழைய மேல்வரம்பை ஆண்டுதோறும் தொட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தூக்கம் வந்திருக்கக் கூடாது. அதே பெயர் கொண்ட புதிய கப்பல் 2018-இல் மீண்டும் வந்து அளந்தபோது, கரையோர மீன் இருப்பு பழைய அளவைவிடப் பெரிதும் குறைந்திருந்தது. உலகளவிலும் போக்கு இதுதான். ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பின் கணக்கில் 1974-இல் பத்தில் ஒன்றாக இருந்த அளவு மீறிப் பிடிக்கப்பட்ட மீன் இருப்புகளின் பங்கு, 2021-இல் 37.7 வீதம்.

நிலாவெளிக்கு அப்பால் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் புறாமலை 1963-இல் சரணாலயமானது, 2003-இல் கடல்சார் தேசிய பூங்காவானது. 1998-இல் கடல்நீர் சூடேறி நாட்டின் பிற முருகைக்கற்பாறைகள் வெளிறிச் செத்தபோது இது பெருமளவு தப்பியது. 2009-க்குப் பிறகு சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வந்து அந்தக் கற்களின்மேல் நடந்தார்கள். மீன் எடுக்காமலும் ஒரு கடலிலிருந்து அளவுக்கு மீறி எடுக்கலாம் என்பதற்கு அந்தச் சின்னத் தீவு போதும்.

தம்பலகாமத்துக் கதைக்கு மிக நெருங்கிய இன்றைய தொழில் கடல் அட்டை. நம்மவர் உண்பதில்லை, முழுவதும் ஏற்றுமதி, கடைசியில் சீன விருந்து. அட்டை ஓடாது, ஒளியாது, கண்டவர் எடுக்கலாம். தெற்கிலும் தென்மேற்கிலும் அது தீர்ந்துபோய், தொழில் வடக்கு, வடமேற்கு, கிழக்குக் கரைகளுக்கு ஒதுங்கியது. முழங்கால் நீரில் கையால் பொறுக்கியது போய், ஒட்சிசன் எனப் பொதுவாகச் சொல்லப்படும் காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குகிறார்கள். ஆழம் கூடக்கூட, விரைந்து மேலேறுபவர்களை முடக்கிப்போடும் அழுத்த நோயும் கூடுகிறது. மூன்று உயர்விலை அட்டை இனங்களின் வணிகத்தை 2020 முதல் சர்வதேச ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. உரிமம் இங்கேயும் உண்டு, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது. அடுத்த ஆண்டு கிடைக்குமோ என்னமோ என்ற நினைப்போடு இறங்கும் சுழியோடி சின்ன அட்டையை விட்டுவிட்டு மேலே வருவாரா? 1850-களின் குத்தகைக்காரரும் வந்திருக்க மாட்டார்.

ஆகவே வலைக்கண்ணை அளக்கும் அதிகாரியோடு கூடவே, உரிமத்தின் ஆயுளையும் கடனின் வடிவத்தையும் அளக்கும் ஒருவர் தேவைப்படுகிறார். ஒரு பாட்டின் உரிமை பத்து இருபது ஆண்டுக்கு ஓர் ஊர்ச் சங்கத்திடம் உறுதியாக இருந்து, புதிதாக வருபவருக்கு வரம்பும் இருந்தால், அந்தச் சங்கத்துக்கு மீனை வளரவிடுவதில் இலாபம் இருக்கும். முதலாளியின் முற்பணத்துக்குப் பதிலாக, வாடைக் காலத்தில் தவணையை நிறுத்திவைக்கும் கடன் கிடைத்தால் கடல் மூடியிருக்கும் மாதங்களில் கள்ளமாக இறங்குவது குறையும். இவை புரட்சிகரமான யோசனைகள் அல்ல. ஜப்பானில் கரையோர உரிமைகள் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் கையில் நெடுங்காலமாக இருக்கின்றன. ஆனால் இங்கே எந்தச் சங்கம் எந்த ஊருடையது என்ற கேள்வி வந்ததும் பேச்சு மீனை விட்டு வேறெங்கோ போய்விடும் என்பதையும் மேலே சொன்னேன்.

செலவு ஏறினால் எடுப்பது தானாகவே குறைந்துவிடும் என்றும் நம்பியிருக்க முடியாது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. சிறு படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்களில் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. எரிபொருள் கூடினால் கடலுக்கு ஓய்வு கிடைக்கும் என்று கொழும்பில் சிலர் எழுதினார்கள். ஆனால் ஒரு பயணத்தில் பத்து இருபது கிலோ பிடிப்பவருக்குத்தான் அந்த விலை கட்டவில்லை. படகைக் கரையில் ஏற்றியவர்கள் அவர்கள். ஒரே வளைப்பில் ஆயிரம் கிலோ கிடைக்கக்கூடிய வலைக்கு 340 ரூபாவும் கட்டும்.